பதினான்காம் தேதிக் கோடு

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று.

ஈரோட்டில் மஞ்சள் விலையைக் கணினியில் கோடாக வரைந்து விற்கும் ஒரு சிறு நிறுவனம். அங்கே ஃபில்டர் என்னும் கணினி நிரல் எழுதுபவள் கோகிலவாணி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நாச்சிமுத்து நான்கு ஏக்கரில் மஞ்சள் போடுபவர். இந்த வயதில் அவளிடம் வந்து தொழில் கற்றுக்கொண்டிருந்தார்.

தினசரி விலை குதியாட்டம் போடும். ஃபில்டர் அதைச் சீரான கோடாக்கித் தரும். ஆனால் விலை திரும்பி நாலைந்து நாள் கழித்துத்தான் கோடு திரும்பும். அதற்குள் கோட்டை நம்பி விற்காமல் வைத்திருந்த பாதி ஊர் ஏமாந்திருக்கும்.

அந்தத் தாமதத்தை ஒழித்துவிட்டதாக நாச்சிமுத்து ஒருநாள் வந்து நின்றார். திரையில் விலை உச்சம் தொட்டது பதினான்காம் தேதி. கோடும் அதே தேதியில் வழவழவென்று திரும்பியிருந்தது.

முதலாளி பூரித்துப்போய் ஒரு தாளை நீட்டினார். "ஞாயித்துக்கிழமை விவசாயிங்க கூட்டத்துல இதைத்தான் காட்டறோம். சரிதான்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம்."

கோகிலவாணி பேனாவை எடுக்கவில்லை.

"பதினாலாம் தேதி சாயங்காலம் இந்தக் கோடு எங்க இருந்துச்சுங்க ஐயா?"

"இங்கதானுங்க டீச்சர். திரும்பியிருக்குது பாருங்க."

அவள் அந்தத் தேதிக்குப் பிந்தைய விலைகளையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பதினைந்தாம் தேதி விலையைச் சேர்த்தாள். ஏறியது. பதினாறு, பதினேழு, பதினெட்டு. அப்போதும் ஏறியது. பத்தொன்பதாம் தேதி விலை உள்ளே போனதும், கோடு தன் பழைய பாதையைத் தானே அழித்துக்கொண்டு, பதினான்காம் தேதியே திரும்பிவிட்டதாகக் காட்டியது.

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிவிட்டது. "முந்தின அஞ்சு நாளோட அடுத்த அஞ்சு நாளையும் சேர்த்துச் சராசரி எடுத்துப்போட்டனுங்க."

"கூட்டத்துக்கு வர்றவங்களுக்கு அந்த அடுத்த அஞ்சு நாளை யாருங்க குடுப்பாங்க?"



முதலாளி குறுக்கிட்டார். "அங்க யாரு இதையெல்லாம் நோண்டப் போறாங்க? கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

கோகிலவாணி தாளைக் குறுக்கே கிழித்து மேஜைமேல் வைத்தாள்.

நாச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. தப்புச் செய்தது அவர், வேலை போவது அவளுக்கு. "தாமதமே இல்லாத கோடு கிடையவே கிடையாதுங்களா டீச்சர்?"

"பாதியாக் குறைக்கலாமுங்க. புது விலைக்குக் கூடுதல் மதிப்புக் குடுத்தாப் போதும். ஆனா கோடு இவ்வளவு வழவழன்னு இருக்காது. சில நாள் தப்பாவும் திரும்பும்."

"அதைக் காட்டுனா எவன் வாங்குவான்?" என்று கத்தினார் முதலாளி.

"நாளைக்கு விலை என்னன்னு தெரியாம மூட்டையோட வந்து நிக்கறவன் வாங்குவான். நீங்க வேலையை விட்டுத் துரத்துனாலும், ஞாயித்துக்கிழமை அவன் முன்னால நின்னு அதைத்தான் காட்டுவேன்."