தனிமைக்கு எத்தனை மார்க்?

செல்லக்கனி பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கட்டு, பக்கத்தில் இரண்டு கட்டு, தரையெல்லாம் நூல். கல்யாணம் முடிந்து திருப்பூர் லைன் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். கைப்பிள்ளைக்கு ஏழு மாதம். புருஷன் காலையில் சாயப்பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அதுவரை அந்த வீட்டில் குக்கர் விசில்தான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை மட்டும் தவமணி அக்கா வருவாள். தனியாகக் கிடக்கும் தாய்மாரோடு பேசிக்கொண்டிருக்க ஒரு சங்கம் அனுப்பும் ஆள். "ஏங் கண்ணு, பிசிறு வெட்டறயா, அதையே தலையில சூடிக்கறயா?" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொள்வாள்.

சங்கத்துக்குப் பணம் தரும் அறக்கட்டளை ஒரு விதி வைத்திருந்தது. தனிமைக்கு ஒன்று முதல் பத்து வரை மார்க். அது மூன்றுக்குக் கீழே இறங்கினால் அந்தத் தாய் தேறிவிட்டாள். சங்கத்துக்குப் பணம் வரும், அக்கா வேறு தெருவில் வேறொருத்தியைப் பார்க்கப் போய்விடுவாள். ஆறு மாதத்தில் இறங்காவிட்டால் பணம் நின்றுவிடும், அக்காவுக்கு வேலையே போகும். ஆறு மாதத்துக்கு முன்பு, அக்கா வர ஆரம்பிக்கும் முன் கேட்டபோது செல்லக்கனி சொன்ன மார்க் ஒன்பது.

இன்று ஆறு மாதம் முடிகிறது. அலைச்சல் மிச்சம் என்று அக்காவின் ஸ்கூட்டியிலேயே, மார்க் கேட்கும் அறக்கட்டளை மேடமும் வந்துவிட்டார். "நீங்க இருந்தா அவங்க கூச்சப்படுவாங்க" என்று அக்காவை வெளியே அனுப்பினார். குழாயடியில் அக்கா பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டும் சத்தம் உள்ளே கேட்டது.

"இப்போ, இந்த நேரத்துல, எவ்வளவு தனியா இருக்கற மாதிரி இருக்கு? ஒரு நம்பர் சொல்லுங்க."

"இன்னைக்கா மேடம்? மத்த நாளைக்கா?"

"ஃபார்ம்ல 'இப்போ'ன்னுதாம்மா இருக்கு."

செல்லக்கனி தலை நிமிரவில்லை. ஒன்பது என்றால் அக்காவின் பிழைப்பு போகும். இரண்டு என்றால் அக்கா இந்த வாசலுக்கு வரமாட்டாள். எதைச் சொன்னாலும் அடுத்த செவ்வாய் வீடு வெறிச்சென்றுதான் கிடக்கும்.

படிக்கிறவர்களே, நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த நம்பரைச் சொன்னால் அவள் பொய் சொன்னவள் ஆகமாட்டாள்?

விடை: இரண்டு. கேட்டது இந்த நேரத்தை. கேட்ட கிழமை செவ்வாய். அக்கா கூப்பிடு தூரத்தில் நின்றாள். புதன் முதல் திங்கள் வரை அவளுக்கு ஒன்பதுதான், ஆனால் அந்த ஆறு நாளில் கேட்க ஆள் வந்தால்தானே? "ரெண்டு" என்றாள். மேடம் முகம் மலர்ந்து, "நீங்க தேறிட்டீங்கம்மா!" என்று செல்போனில் குறித்துக்கொண்டார். செல்லக்கனி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், நாளைக்கு வந்து இதையே கேட்டீங்கன்னா, நான்..."

"கண்ணு, ஓடியா!" வெளியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "பாப்பா உன்னையத் தேடி அழுகறா!"