மூச்சு வாங்கும் சத்தம்

மலையேறும் பல்லக்குக்குள்ளிருந்து மூச்சுச் சாமியார் சீறினார். "என்னடா இது, புஸ்புஸ்ஸுன்னு மூச்சு வாங்குறீங்க! என் தியானம் கலையுது. உச்சி வரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டே தூக்குங்க!"

முன்னால் தூக்கிய சடையன் கேட்டான். "அடக்கினா தலை சுத்திக் கண்ணு இருட்டுமே, சாமி?"

"அதுதாண்டா ஞானம்! பயப்படாம அடக்கு!"

"உத்தரவு சாமி. அதோ, அந்தப் பள்ளத்து ஓரம் போனதும் நாலு பேரும் ஒண்ணா அடக்கிடறோம்."

சாமியார் அலறிக்கொண்டு வெளியே குதித்தார். "வேண்டாண்டா! மயங்கி விழுந்தா உயிர் போயிடும்!"

கூட வந்த சீடர்களே சிரித்துவிட்டார்கள். சடையன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் பல்லக்குத் தூக்கி வந்த தம்பி, சாமியாரின் பேச்சை நம்பிக் கிணற்றுப் படியில் மூச்சடக்கி உட்கார்ந்து, போன மாதம்தான் மயங்கித் தண்ணீரில் விழுந்து செத்தான்.

"சாமியை இப்படிச் சோதிக்கணும்னு அன்னைக்கே எனக்குத் தோணியிருந்தா, இப்போ என் பின்னால அவன் மூச்சு வாங்குற சத்தம் கேட்டிருக்கும்" என்றான் சடையன்.