பிரகாசி கூப்பிட்ட பெயர்

மகன் இறந்த பிறகு பிரகாசியால் செபமாலை சொல்ல முடியவில்லை. மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் கர்த்தர் கற்பித்த செபம் வரும். அதில் பிறர் குற்றத்தைப் பொறுக்கிற இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடும். தண்ணீர் குடித்துப் பார்த்தாள். கோயிலில் மற்ற பெண்களோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் கூட்டத்திலிருந்து கழன்றுகொள்ளும். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போகும்போது பஸ்ஸில்தான் அந்த இல்லத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாள். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். செம்மணல் தேரியின் ஓரத்தில் நாலைந்து கன்னியர்கள் இருக்கிறார்களாம். வாயே திறக்காமல் செபிக்கிறார்களாம். காலையில் யார் வேண்டுமானாலும் போய் அவர்களோடு உட்காரலாமாம்.

வாயே திறக்க வேண்டாத செபம். பிரகாசிக்கு அது போதும்.

அங்கே தலைவியாக இருந்தவர் மதர் பெர்பெத்துவா. பிரகாசியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். பிரகாசி போனபோது முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று சொன்னார். நற்கருணைப் பேழைக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சின்னதாக ஒரு சொல்லை மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மனம் அலைந்தால் அதைத் திட்டக் கூடாது. அந்தச் சொல்லுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"மத்ததெல்லாம்?" என்று பிரகாசி கேட்டாள்.

"மத்தத அவர் பாத்துப்பார்."

'இயேசுவே' என்ற சொல்லை அவள் எடுத்துக்கொண்டாள். முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயிற்று. தேரியில் காற்று மணலை நகர்த்தும் ஓசை கேட்கும். முழங்கால் வலிக்கும். மணி அடித்ததும் எழுந்து சந்தைக்குப் போய்விடுவாள்.

அப்புறம் அந்தப் பெயர் வர ஆரம்பித்தது.

கிளமெந்து. அவளுடைய தம்பி.

அவனைப் பெற்றுப்போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடிவிட்டாள். பிரகாசிதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். அவள் மகன் அல்போன்ஸ் கடல் தொழிலுக்குப் போனதும் மாமன் கிளமெந்தின் வள்ளத்தில்தான். ஓர் ஐப்பசியில் சுழல்காற்று அடித்து அந்த வள்ளம் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் வேறு ஊர்ப் படகுக்காரர்கள் கிளமெந்தை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உப்பில் வெந்த உடம்போடு மணலில் கிடந்தான். ஊர் சுற்றி நின்றது. பிரகாசி குனிந்து, "எம்புள்ளய எங்க விட்டுட்டு வந்த?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

அதன் பிறகு அவன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ஒரே தெருவில் இரண்டு வீடுகள். அவன் எதிரே வருவது தெரிந்தால் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கடற்கரை வழியாகச் சுற்றிப் போவாள்.

இப்போது அவன் பெயர் பேழைக்கு முன்னால் வந்து நின்றது. தள்ளினாள். வந்தது. மறுபடி தள்ளினாள். ஒரு காலை, எல்லோரும் எழுந்து போன பிறகு மதரிடம் போனாள்.

"எனக்கு இது சரிப்படாது மதர்."

"என்ன ஆச்சு?"

"இயேசுவேன்னு ஆரம்பிக்கேன். வேற ஒரு பேர்ல போய் நிக்கிது."

"திரும்பி வாங்க."

"வந்தாலும் அதே பேருதான்."

"யார் பேரு?"

"அத நான் சொல்ல மாட்டேன்."

"சரி, சொல்ல வேண்டாம். நாளையிலருந்து அந்தப் பேரையே வச்சுக்கோங்க."

"எதுக்கு வச்சுக்க?"

"உங்க சொல்லா."

பிரகாசிக்கு முகம் சிவந்துவிட்டது. "மதர், அது எம்புள்ளயக் கொன்னவன் பேரு. நற்கருணைக்கு முன்னால உக்காந்து அதச் சொன்னாப் பாவமில்லையா?"

"பாவம்னா அது என்னோடது. நீங்க உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் பொருமினாள். சில நாட்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பஸ்ஸில் வந்தது. வாளைக்கருவாட்டுக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, எதிரே நின்ற ஆளுக்குப் பதில் சொல்லாமல் விழித்தாள். எப்படியும் வரப்போகிற பெயர், அங்கேயே உட்கார்ந்தாவது வரட்டும் என்று கடைசியில் திரும்பிப் போனாள்.

ஏன் வரவில்லை என்று மதர் கேட்கவில்லை. தன் பாயைச் சுருட்டி எடுத்துவந்து அவள் பக்கத்தில் விரித்து உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அதுவே அவர் இடம் ஆயிற்று.

பிரகாசி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் அதன் பின்னால் அந்தக் கரை வந்தது. கரைக்குப் பின்னால் கடல் வந்தது. கறுத்த தண்ணீரில், பிடிக்க ஒன்றும் இல்லாமல், ஒற்றையாக அல்போன்ஸ். அத்தோடு கண்ணைத் திறந்துவிடுவாள். பக்கத்தில் மதர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடுவாள். நாட்கள் இப்படியே போயின. பெயர் மட்டும் இருந்தது. திட்டுவதற்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின.

ஒருநாள் அந்தப் பெயர் வேறு குரலில் வந்தது.

அவளுடைய குரல்தான். ஆனால் கரையில் கத்திய குரல் இல்லை. அலையில் விளையாடிக்கொண்டு வீட்டுக்கு வர மறுக்கும் பொடியனைச் சோற்றுக்குக் கூப்பிடும் குரல். கடைசி எழுத்தை நீட்டி, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து அவள் கூப்பிடுவாளே, அது.

பிரகாசி அழுதாள். மதர் அவளைத் தொடவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை. மணி அடிக்கும் வரை அப்படியே இருந்தார்கள்.

"மதர், நான் அவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொல்லுமுன்னாலயே போய்ட்டேன்."

"இப்ப எங்க இருக்கார்?"

"எந்தெருவுலதான்."

மதர் பாயைச் சுருட்டினார்.

அன்று பிரகாசி சந்தைக்குப் போகாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். கிளமெந்து கடலுக்குப் போவதை அந்த ஐப்பசியோடு விட்டுவிட்டிருந்தான். ஊரார் வலைகளை வாங்கிப் பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வாசலில் அவளைக் கண்டதும் அவன் மனைவி செலின், "மைனி" என்று சொல்லவந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். கிளமெந்து மடியில் கிடந்த வலையோடு எழுந்து நின்றான். பிரகாசி அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். இப்ப சொல்லு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

அவனும் எதிரே உட்கார்ந்தான். பேச்சு வர நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள். பிறகு அவன் சொன்னான். கவிழ்ந்ததும் ஒரு காலிக் கேன் கைக்குக் கிடைத்தது. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இருட்டிய பிறகு பையனுக்குக் கை மரத்துப்போயிற்று. கிளமெந்து தன் கைலியை அவிழ்த்து அவனைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். அவன் தூங்கிவிடாமல் இருக்க ஓயாமல் பேச்சுக் கொடுத்தான். கிறிஸ்மஸுக்கு அம்மா என்ன செய்வாள் என்று கேட்டபோது, அச்சுமுறுக்கு என்று பையன் சொன்னான். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமன் தோளில் தலையைச் சாய்த்தான். அப்புறம் பேசவில்லை. அந்தப் பகல் முழுவதும் கிளமெந்து அவனைக் கட்டியபடியே மிதந்தான். அன்று இரவில் கிளமெந்தின் தலையும் தண்ணீருக்குள் போகத் தொடங்கியது.

"நான்தான் அவுத்து விட்டேன், யக்கா. இந்தக் கையாலதான். இத எப்படி உன்கிட்டச் சொல்லுவேன்?"

உள்ளே அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது. செலின் அசையவில்லை.

"உன் தோள்லயா தலைய வச்சான்?"

"ஆமா."

"தனியா இல்லயே?"

"இல்ல, யக்கா. கடைசி வரைக்கும் என் மேலதான் கெடந்தான்."

இத்தனை வருஷமும் கண்ணை மூடினால் தன் பிள்ளையைத் தனியாகத்தான் அந்தத் தண்ணீரில் பார்த்திருந்தாள். பிரகாசி கையை நீட்டி அவனுடைய தோளைத் தொட்டாள். பிறகு அந்த இடத்தில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். கிளமெந்து வலையை நழுவவிட்டு, சின்னப் பிள்ளையைப் போல அழுதான். செலின் வரக்காப்பி போட்டு வந்தாள். மூவரும் குடித்தார்கள். மத்தியானச் சோறும் அங்கேதான். அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைக்கும்போது, எலும்புந்தோலுமா ஆய்ட்டியே என்று அவள் கடிந்துகொண்டதைக் கேட்டு செலின் அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பேழைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்த பிறகு, பிரகாசி மதரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கிளமெந்து. அதான் மதர் அந்தப் பேரு. எந்தம்பி."

மதர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

"பாரம் எறங்கிருச்சு மதர். நெஞ்சு நெறய மூச்சு விடுதேன்." பிரகாசி கூடையை எடுத்துக்கொண்டாள். "இனிமே அந்தப் பேரு வேண்டாமில்ல? இயேசுவேன்னே கூப்பிடலாமா?"

மதர் பெர்பெத்துவா முற்றத்தில் நின்று பாயிலிருந்த மணலை உதறிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"கூப்பிடுங்க. ஆனா பிரகாசியம்மா, இத்தன நாளும் அந்தப் பேர்ல யாரக் கூப்பிட்டதா நெனச்சீங்க?"