கபிலனின் கை அளவு

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேடாதீர்கள். இந்தக் கதையில் குரு ஜெனிட்டா. கோத்தகிரி மலையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவள். சீடர் திருமேனி, லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு அப்பா வயசு. என்ன செய்வது, வேலை தெரிந்தவள் அவள்தானே!

திருமேனியின் மகன் கபிலன் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே பிள்ளை. எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கிய பழைய மலை சைக்கிள் ஒன்றை விட்டுப் போனான். கூடவே, அதில் மாட்ட வாங்கிய ஒரு டிராப் ஹேண்டில்பார். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்து கீழே இறங்குமே, அது. வருஷத் திதிக்குள் அதை மாட்டி முடித்துவிட வேண்டும் என்று திருமேனி பிடிவாதமாக நின்றார். அதுவும் தன் கையாலேயே. பெற்ற மனசு, வேறெப்படி இருக்கும்?

அதற்காகத்தான் பட்டறைக்கு வந்து வேலை பழகினார். நேரான கைப்பிடியைக் கழற்றினார். வளைந்ததை மாட்டினார். அதற்கேற்ற பிரேக் கம்பியை வெட்டிக் கோத்தார்.

“லைன்மேன் கை சும்மா இல்ல சார்,” என்று ஜெனிட்டாகூடக் கிண்டல் செய்தாள்.

கடைசியில் ஒரு சந்தேகம் வந்தது.

“ஏம்மா, பிரேக் லீவரை இந்த வளைவுல எந்த இடத்துல முடுக்கறது?”

“அதுக்குன்னு அளவு கிடையாது சார். ஓட்டுறவர் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கையை நீட்டணும். கை எங்க விழுதோ, அங்க முடுக்கணும்.”

அவர் ஸ்பானரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஜெனிட்டா ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றிருந்தார். உள்ளே போனதும் பையிலிருந்து ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்தார். கபிலனுடையது. துவைக்காமலே வைத்திருந்தார்கள். சைக்கிள் மேல் குனிந்து உட்கார்ந்த ஆள் மாதிரி அதைப் பிடித்து, சட்டைக் கையை முன்னால் நீட்டினார். நுனி தொட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். திருமேனியின் கைக்கு எட்டாத தூரம் அது.

“பாத்தியாம்மா, எவ்ளோ நீளம் அவன் கை!” என்றார். பெருமையாகத்தான் சொன்னார், பாவி மனுஷன். “திடீர்னு வந்து ஏறினாலும் கச்சிதமா இருக்கணும்.”

அந்தக் கோட்டிலேயே லீவரை முடுக்கினார். அவர் நிமிர்ந்ததும், ஜெனிட்டா சட்டையின் கையை எடுத்து லீவர் மேல் வைத்தாள்.

“இப்ப அழுத்தச் சொல்லுங்க சார்.”

“என்னம்மா சொல்றே?”

“பிரேக் பிடிக்குதான்னு பாக்கணுமில்ல. அழுத்தச் சொல்லுங்க.”

திருமேனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே!” என்று கத்தி, ஸ்பானரை விட்டெறிந்தார்.

அவள் அசையவில்லை. சட்டைக் கை லீவர் மேல் தொளதொளவென்று கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் பழைய டயர்கள் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சுடுகாட்டில்கூட அழாத மனிதர் அய்யா அவர்!

ஜெனிட்டாவுக்கும் கண் கலங்கியது. சட்டையை மடித்து அவர் மடியில் வைத்தாள். அழுது ஓயும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பிறகு எழுந்துபோய் லீவரைத் தளர்த்தினாள். சாக்பீஸ் கோட்டைத் துணியால் துடைத்தாள்.

“அதை ஏம்மா அழிக்கறே?”

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இனி அவனுக்குன்னு நான் செய்ய என்னதாம்மா இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார்,” என்றாள் ஜெனிட்டா. சைக்கிளை அவர் பக்கம் திருப்பி நிறுத்தினாள். “இங்கேர்ந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கம். பிரேக் பிடிக்க வேண்டியது உங்க கை.”