கோமளவல்லி கணவாய் ஏறிய கதை

ராஜாக்களுக்கு இன்னும் ராஜ்யம் இருந்து, மோட்டார் சத்தம் கேட்டுக் குதிரைகள் மிரளவும் தொடங்கியிருந்த காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன சமஸ்தானம் இருந்தது. அதை ஆண்ட ராஜா நல்லவர். ஆனால் சாயங்காலமானால் பழைய நினைவுகள் வந்து அவரைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் என்ன உத்தரவு பிறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவரைச் சிரிக்கவைப்பது விகடர் வெள்ளியம்பலத்தின் உத்தியோகம். அந்த வருஷம் கணவாய்க்கு மேலே இருந்த மலை ஏரியின் கரை இடிந்து கிடந்தது. மழைக்கு முன் கல் ஏற்றிக் கட்டியாகவேண்டும். வண்டி மாடுகள் ஏற்றத்தில் நுரை தள்ளி விழுந்தன.

"சாணி போடாத மாடு ஒன்று சீமையில் கிடைக்கிறதாம் மகாராஜா. புகை மட்டும்தான் விடுமாம்" என்றார் விகடர். ராஜா சிரித்துவிட்டு ஒரு டீசல் லாரியை வரவழைத்தார்.

அரண்மனை நிர்வாகம் பார்த்த பேஷ்கார் திருமலைராயருக்கு வயிறு எரிந்தது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு கோமாளியின் பேச்சைக் கேட்டு லாரி வாங்கிவிட்டாரே என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் ராஜா மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே கொட்டிலில் கோமளவல்லி தென்னை மட்டையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தாள். ராஜா சிறுவனாக இருந்தபோது, ஆடி பிறந்தால் அவரைச் சுமந்துகொண்டு கணவாய் ஏறிய யானை அவள். மலை ஏரியில் இருவரும் சேர்ந்து குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வருவார்கள். இப்போது அவள் காதோரம் வெளுத்து, நெற்றியில் பள்ளம் விழுந்துவிட்டது.

"அப்பா காலத்தில் முழுத் தேக்கு மரத்தை இவள் ஒற்றையாய் இழுத்துக்கொண்டு கணவாய் ஏறுவாள்" என்றார் ராஜா. "விகடரே, உம்முடைய லாரிக்கு அந்தப் பலம் உண்டா? அது முனகுவதைக் கேட்டால் எனக்கு நம்பிக்கை வரவில்லை."

விகடர் வாய் திறப்பதற்குள் பேஷ்கார் முந்திக்கொண்டார். "சோதித்துவிடலாமே மகாராஜா. இரண்டையும் சங்கிலியால் பிணைத்து இழுக்கவிடுவோம். லாரி தோற்றால் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம். சிபாரிசு செய்தவரும் அதிலேயே ஏறிக்கொள்ளட்டும்."

ராஜாவின் கண் யானை மேலேயே இருந்தது. "ஆகட்டும்" என்றார்.

அன்றைக்கே பாகன் உதுமான் விகடரைத் தேடி வந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"ஐயா, அவ பின்னங்கால் வீங்கிக் கெடக்கு. நடக்கவே யோசிக்கிறா. ஆனா ராஜா முன்னால நிக்கிறாருன்னா கால் ஒடிஞ்சாலும் இழுப்பா. தோத்துப்போறதுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியாது."

"ராஜாவிடம் சொன்னாயா?"

"பேஷ்கார் ஐயா உள்ள விடலீங்க."

விகடர் யோசித்தார். தாம் போய்ச் சொன்னால், லாரி தோற்றுவிடும் என்று பயந்து சாக்குச் சொல்கிறான் என்பார் பேஷ்கார். கோமளவல்லிக்குக் கிழடு தட்டிவிட்டது என்ற பேச்சை ராஜாவும் தாங்கமாட்டார். நேராக லாரி டிரைவர் தைரியநாதனிடம் போனார்.

"உண்மையைச் சொல்லப்பா. உன் வண்டிக்குப் பலம் இருக்கிறதா?"

"வேகம் கேட்டீங்கன்னா கெடையாதுங்க. சுமை கேட்டீங்கன்னா உண்டு. மொத கியர்ல போட்டு அவசரப்படுத்தாம விடணும். டீசல் எஞ்சின் முனகும், ஆனா பாதியில கைவிடாது."

"யானை கனம்?"

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லு ஏத்துற கனம்தான். ஆனா கல்லு அசையாது, யானை அசையுமே."

"அதை உதுமான் பார்த்துக்கொள்வான்" என்றார் விகடர்.

மறுநாள் சபையில் அவர் கைகட்டி நின்றார். "மகாராஜா, பந்தயத்தின் நிபந்தனையைத் தங்கள் வாயாலேயே கேட்டுக்கொள்கிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது."

"சங்கிலியால் பிணைத்தபின் லாரி யானையைக் கொண்டுபோனால் லாரிக்குப் பலம் உண்டு" என்றார் ராஜா.

"நாலடி போனால் போதுமா மகாராஜா?" என்றார் பேஷ்கார். "கணவாய் உச்சிவரை கொண்டுபோகட்டும்."

விகடர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துப் பேஷ்காருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உச்சிவரை" என்று ராஜாவும் தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்.

பந்தய நாளில் ஊரே திரண்டிருந்தது. கல் ஏற்றும் மேட்டை ஒட்டி லாரி நின்றது. மேடும் லாரித் தட்டும் ஒரே மட்டம். தட்டில் கனத்த பலகைகள் போட்டு வைக்கோல் பரப்பியிருந்தார்கள். உதுமான் கரும்பைக் காட்டிப் பின்பக்கமாகவே நடந்தான். கோமளவல்லி பலகையைத் தும்பிக்கையால் தட்டிப் பார்த்தாள். ஒரு கால் வைத்தாள். பிறகு முழுசாக ஏறி நின்றாள். லாரியின் அடியிலிருந்த வில்பட்டைகளெல்லாம் கிறீச்சிட்டுத் தாழ்ந்தன. உதுமான் அவள் முன்னங்கால் சங்கிலியை லாரிக் கம்பியில் பிணைத்தான்.

"இது என்ன கூத்து?" என்றார் பேஷ்கார். "யானை தரையில் அல்லவா நிற்கவேண்டும்?"

"எங்கே நிற்கவேண்டும் என்று மகாராஜா சொல்லவில்லை. சங்கிலி பிணைத்தாகிவிட்டது. இனி உச்சிக்குக் கொண்டுபோகவேண்டியதுதான் பாக்கி."

"யானை எதிர்த்து இழுக்கவே இல்லையே?"

"அவளுக்கு மனசில்லை போலிருக்கிறது. தாங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்."

சிரிப்பை அடக்கியதில் ராஜாவின் மீசை துடித்தது. "போகட்டும், பார்ப்போம்" என்றார்.

லாரி முனகிக்கொண்டே ஏறியது. ராஜாவும் பேஷ்காரும் மோட்டாரில் பின்னால் வந்தார்கள். பெரிய வளைவில் அந்த மோட்டார் கொதித்து, ஆவி கக்கி நின்றுவிட்டது. ராஜா கையைத் தட்டி லாரியை நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

தைரியநாதனுக்கு வியர்த்தது. "ஏத்தத்துல நின்னுட்டா கெளம்புறது கஷ்டமுங்க மகாராஜா."

பிரேக்கை விட்டதும் லாரி கொஞ்சம் பின்னால் சரிந்தது. பின்தட்டில் நின்ற விகடர் கண்ணை மூடிக்கொண்டார். உதுமான் யானையின் காதைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். எஞ்சின் உறுமியது, கரும்புகை சுருண்டது. அப்போது பின்பக்க ஜன்னல் வழியாக ஒரு தும்பிக்கை நீண்டு ராஜாவின் தோளில் படிந்தது. சின்ன வயதில் அவர் பயந்தால் அவள் அப்படித்தான் வைப்பாள். ராஜா அதைப் பிடித்துக்கொண்டார். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே நகர்ந்தது.

உச்சியில் ஏரி தெரிந்ததும் கோமளவல்லியின் அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் வந்தது. கரைமேட்டில் அவளை இறக்கினார்கள். நொண்டி நொண்டித் தண்ணீரை நோக்கிப் போனாள்.

ராஜாவின் முகம் மாறியது. "இந்தக் காலோடா இவளை இழுக்கச் சொன்னேன்?"

"தாங்கள் கொண்டுபோகத்தான் சொன்னீர்கள் மகாராஜா" என்றார் விகடர் மெதுவாக.

 ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். கோமளவல்லி இனி ஏரிக்கரையிலேயே இருக்கட்டும் என்று உதுமானிடம் சொன்னார். செருப்பை உதறிவிட்டு, பட்டு வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். யானை அவர் தலைமேல் தண்ணீரைப் பீய்ச்சியது.

வெகுநேரம் கழித்து, நடந்தே மலையேறிய பேஷ்கார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"மகாராஜா, முடிவாக... ஜெயித்தது யானையா, லாரியா?"

இடுப்பளவு தண்ணீரில், தலைப்பாகை நழுவ, யானையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த ராஜா நிமிர்ந்தார். மலை எதிரொலிக்கச் சிரித்தார்.

"நான்தான்" என்றார்.