குதுரு மறுத்த சிம்மாசனம்

பாபிலோன் நகரத்தில் ஆற்றுத் தண்ணீர் வற்றினாலும் வற்றும், குதுருவின் வாயில் பொய் வற்றாது. கழுதை ஓட்டிப் பிழைக்கிறவன். பகலெல்லாம் செங்கல் சுமக்கும் கழுதைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடப்பான். பொழுது சாய்ந்ததும் இல்தானியின் கள்ளுக்கடைக்கு வந்து, நடுவில் இருக்கிற பெரிய பானைக்குள் நாணல் குழலை விட்டு, பார்லிக் கள்ளை உறிஞ்சிக்கொண்டே அளக்க ஆரம்பிப்பான். ஒரு கதையை அவன் முடித்தால் சுற்றியிருக்கிறவர்கள் ஒரே குரலில் "புளுகு!" என்று கத்த வேண்டும். அது அந்தக் கடையின் வழக்கம். கத்தாவிட்டால் குதுருவுக்கே கள் இறங்காது.

கடைக்காரி இல்தானிக்கு அவன்மேல் பிரியம் உண்டு. அவன் பேசினால் நாலு பேர் கூடுவார்கள், வியாபாரம் நடக்கும் என்பது அவள் வெளியில் சொல்கிற காரணம். உள்ளே இருந்த காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குக் கடையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். தாடியில்லாத வழுவழு முகம், மேலெல்லாம் வாசனை எண்ணெய். குதுரு அதையெல்லாம் எங்கே பார்த்தான்? ஆள் புதுசு, அது போதும் அவனுக்கு.

"நினிவே கோட்டை வாசல்ல, இறக்கை முளைச்ச கல்லுக் காளை நிக்குதே, மனுஷ மூஞ்சியோட. அதுக்கு எத்தனை காலு?"

"அஞ்சு. போய்ப் பார்த்தவங்க எல்லாரும் சொல்றதுதானே," என்றான் பாய் முடைகிற புசூர். குதுரு பேச்சை ஒருநாளும் நம்பாதவன், ஒருநாளும் கேட்காமல் இருக்காதவன்.

"செதுக்கும்போது நாலுதாண்டா இருந்துச்சு. நான் போய் வாலைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கினேன். ஓடணும்னு துடிச்சுது. நாலு காலு பத்தலை, அவசரத்துக்கு இன்னொண்ணு முளைச்சிருச்சு."

"புளுகு!" என்றது கடை.

புது ஆள் மட்டும் கத்தவில்லை. "அப்புறம்?" என்றார்.

குதுருவின் ஆயுசில் அவனைப் பார்த்து 'அப்புறம்?' என்று கேட்ட முதல் மனிதர் அவர்தான். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தது போலாயிற்று.

"அப்புறமா? மர்துக் சாமி கோயில் கோபுரம் கட்டினப்போ, உச்சியில கடைசிச் செங்கல்லை வைக்க ஒருத்தனுக்கும் தெம்பில்லை. பாதியிலேயே மூச்சு வாங்குது. நான் கழுதையோட ஏறினேன். கல்லை வைக்கும்போது பாருங்க, கழுதை ஒரு உதை விட்டுச்சு. நேரா நிலா மேல பட்டுருச்சு. நிலாவுல கறுப்பா தெரியுதே, அது என்னன்னு நினைச்சீங்க? என் கழுதையோட குளம்புத் தடம்!"

"புளுகு! அப்ப நேத்து ராத்திரி கிரகணமும் உன் கழுதை வேலைதானா?" என்றான் புசூர்.

"நேத்து நான் கீழதாம்பா இருந்தேன். கழுதை எனக்குத் தெரியாம தனியா போயிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கிரகணம் என்ற சொல் காதில் விழுந்ததும் இல்தானிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் புது ஆளை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். கழுத்தில் நீலக்கல் முத்திரை தொங்கியது. அரண்மனை முத்திரை.

சந்திரனைக் கிரகணம் பிடித்தால் ராஜாவின் உயிருக்கு ஆபத்து என்பது பாபிலோனில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பரிகாரமும் தெரியும். கேட்பாரற்ற ஒருவனைப் பிடித்து, ராஜ உடுப்பு மாட்டி, சிம்மாசனத்தில் உட்காரவைப்பார்கள். நிஜ ராஜா 'உழவன்' என்று பெயரை மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். வானத்திலிருந்து வருகிற கேடு, உட்கார்ந்திருக்கிறவன் தலையில் விடியும். தானாக விடியாவிட்டால், கெடு முடிந்ததும் அரண்மனையே அவன் கதையை முடித்து விடியவைத்துவிடும்.

"குதுரு, போதும். வீட்டுக்குப் போ," என்றாள்.

"இருங்கக்கா, பெரியவர் ஆசையா கேக்கறாரு. புத்தாண்டுத் திருவிழாவுல பூசாரி ராஜாவைக் கன்னத்துல அறைவாருல்ல? ராஜா கண்ணுல தண்ணி வந்தாத்தானே ஊருக்கு நல்ல வருஷம்? ஒரு வருஷம் பூசாரிக்குக் கை சுளுக்கிக்கிச்சு. என்னைக் கூப்பிட்டாரு. நான் லேசாத்தான் தட்டினேன். ராஜா அழுதாரு. ராணி அழுதாங்க. சுவத்துல இருந்த சிங்கமெல்லாம் அழுதுச்சு. அந்த வருஷம் ஆத்துல வெள்ளம் வந்துச்சே, மழைத் தண்ணின்னா நினைச்சீங்க?"

"அடேயப்பா!" என்றார் அரண்மனைக்காரர். "உனக்குப் பெண்டாட்டி, பிள்ளை?"

"எதுக்குங்க? என் பெருமையைத் தூக்கிச் சுமக்கவே எனக்கு நேரம் பத்தலை."

இல்தானி அவன் காலை மிதித்தாள். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"சிம்மாசனத்தில் உட்கார்ந்து பழக்கமுண்டா?"

"பழக்கமா! நான் போனா சிம்மாசனம் எந்திரிச்சுக் கும்பிடும். அதைச் சமாதானம் பண்ணி உட்காரவெச்சுட்டுத்தான் நான் உட்காருவேன்."

"நல்லது. இப்போதே கிளம்பு. அரண்மனையில் உட்கார்கிற வேலைதான்."

கடையில் ஒருவரும் 'புளுகு' என்று கத்தவில்லை. குதுரு சுற்றிலும் பார்த்தான். நீலக்கல்லைப் பார்த்தான். அவன் வாயிலிருந்த நாணல் குழல் நழுவி விழுந்தது.

"அய்யா," என்றான். "நான் கழுதைக்காரன். சொன்னதெல்லாம் பொய். காளை வாலை நான் தொட்டதில்லை. நினிவேக்கே போனதில்லை."

பிறந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். அரண்மனைக்காரர் முகம் மலர்ந்தது. "ஆகா, என்ன அடக்கம்! ராஜ லட்சணம் என்பது இதுதான்."

குதுரு பரிதாபமாக இல்தானியைப் பார்த்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போங்கய்யா, சனியன் ஒழிஞ்சுது," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உட்கார்ந்திருக்கிறவன்தான் ராஜான்னு சாமி நம்பணும். இல்லையா?"

"நம்பித்தான் ஆகவேண்டும்."

"நம்பாட்டி?"

"கேடு நிஜ ராஜாவைத் தேடிக்கொண்டு போய்விடுமே!" அவர் அவசரமாக வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

"அதான் கேட்டேன். டேய் குதுரு, உன் பேர் என்ன?"

"கு... குதுரு."

புசூர்தான் முதலில் புரிந்துகொண்டான். குழலை எடுத்துவிட்டு, தொண்டை கிழியக் கத்தினான்: "புளுகு!"

"புளுகு! புளுகு!" என்றது கடை மொத்தமும்.

"என்ன தொழில் பண்றே?"

"கழுதை ஓட்டறேங்க்கா!"

"புளுகு!"

வாசலில் கட்டியிருந்த கழுதைகூட அந்த நேரம் பார்த்துக் கத்தியது. இல்தானி அரண்மனைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"பாருங்கய்யா. சொந்தப் பேரைச் சொன்னாலே நம்ப ஆளில்லை. இவன் 'நான்தான் ராஜா'ன்னா, குடிச்சிருக்கிற இவங்களே சிரிப்பாங்க. சாமி சிரிக்காதா?"

அவர் உடுப்பை உதறிக்கொண்டு எழுந்தார். "நம்பும்படி ஒரு பொய் சொல்லத் தெரியாதவனால் நாட்டுக்கு என்ன பிரயோசனம்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உயிர் தப்பியதைவிட அந்தப் பேச்சுத்தான் குதுருவுக்கு உறைத்தது. அன்றைக்கு அவன் வாய் திறக்காமல் குடித்தான்.

அடுத்த வாரம் ஊருக்குள் நல்ல சேதி வந்தது. கிரகணத்தின்போது வானத்தில் வியாழன் தெரிந்ததாம். வியாழன் தெரிந்தால் ராஜாவுக்கு ஆபத்தில்லை, பதிலுக்கு ஆளும் வேண்டாம் என்று ஜோசியர்கள் சொல்லிவிட்டார்களாம். அன்று மாலையே குதுரு குழலும் கையுமாக வந்துவிட்டான். கடையில் ஒரு வெளியூர்ப் பேரீச்சம்பழ வியாபாரி இருந்தார்.

"வியாழன் எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க? மேகத்துக்குப் பின்னாடி தூங்கிட்டிருந்துச்சு. நான்தான் காதைப் பிடிச்சு இழுத்து வெளிய விட்டேன்."

"புளுகு!"

"அதை விடுங்க. அரண்மனையிலேருந்து ஆள் வந்து சிம்மாசனத்துல உட்காருன்னு கெஞ்சினாங்க. எனக்கு வேண்டாம்னுட்டேன்."

வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். பழைய ஆட்கள் யாரும் கத்தவில்லை. புசூர் குனிந்துகொண்டு பானையைப் பார்த்தான். வியாபாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்மா, இது நிஜமா?"

இல்தானி குதுருவைப் பார்த்தாள். பிறகு, அரண்மனைக்காரர் வெளியேறிய வாசலைப் பார்த்தாள்.

"புளுகு," என்றாள். "நான் உசிரோட இருக்கிறவரைக்கும், யார் வந்து கேட்டாலும், இவன் சொல்றது எல்லாமே புளுகு."

"ஆமாங்க," என்றான் குதுரு. "அக்கா சொன்னா சரிதான்."