மந்திரம் இல்லாத உலகில் ஒரு மந்திரவாதி

கல்லூரி விடுதியில் பகடை உருட்டிக் கற்பனை உலகில் சாகசம் செய்யும் விளையாட்டு. கதையை நடத்துபவர் மூன்றாமாண்டு மாதவராஜ். புதிதாக வந்த யாழிசை மந்திரக்காரியாக ஆட ஆசைப்பட்டாள்.

“என் உலகத்துல மந்திரமே கிடையாதும்மா. சமையல்காரியா வா. கதையில செத்தா ஆட்டத்தை விட்டு எழுந்து போயிடணும், உன் இடத்துக்கு ஆள் காத்திருக்கு.”

யாழிசை தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது சுற்றிலேயே, மாதவராஜ் சொன்ன கதையில் மந்திரவாதி ஒருவன் வந்து அவளுடைய சமையல்காரிமீது நெருப்பை ஏவினான்.

“முடிஞ்சுது உன் கதை,” என்றார் மாதவராஜ்.

“எப்படிண்ணா? மந்திரம் இல்லேன்னா இந்த நெருப்பும் இல்லை. இருக்குன்னா நான் முதல்லயே கேட்ட மாதிரி மந்திரக்காரிதான், எனக்கு அதை அணைக்கத் தெரியும். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மற்றவர்கள் மாதவராஜையே பார்த்தார்கள். அவர் குறிப்பேட்டை இரண்டு முறை புரட்டினார்.

“காத்து பலமா அடிக்குது. நெருப்பு அணைஞ்சுடுச்சு.”

“நல்ல காத்துண்ணா,” என்று பகடையைக் கையில் எடுத்தாள் யாழிசை.